மெடிக்கெய்ட் ரென்யூவல் நேரத்தில் காப்பீடு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். பிள்ளைகளுக்கென்று சிப் என்ற திட்டமும் அதை ஒட்டியே நடக்கிறது. இந்தக் காப்பீடு வைத்திருப்பவர்களின் தகுதியை மாநில அரசு அவ்வப்போது மறுபடி சரிபார்த்துப் புதுப்பிக்கும். அதைத்தான் ரென்யூவல் என்கிறார்கள். அந்த நேரத்தில் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். காப்பீடு வைத்திருப்பவர்களும் படிக்கலாம். அவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிற பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தமிழ்ச் சங்கத் தன்னார்வலர்களும் படிக்கலாம். சில விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கீழே இருப்பவை பெரும்பாலும் நாடு முழுக்கப் பொருந்தும் ஃபெடரல் விதிகள்.

ரென்யூவலில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

மெடிக்கெய்ட் ஒருமுறை கிடைத்துவிட்டால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பொதுவாக 12 மாதத்துக்கு ஒரு தடவை, இவருக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று மாநிலம் பார்த்தாக வேண்டும். வருமானம், வீட்டில் எத்தனை பேர், எங்கே குடியிருக்கிறார், குடியேற்ற நிலை என்ன, இவைதான் முக்கியம். 65 வயது தாண்டியவர்களுக்கும் உடற்குறைபாட்டின் பேரில் காப்பீடு பெறுபவர்களுக்கும் பல மாநிலங்களில் சேமிப்பு, சொத்துக் கணக்கும் உண்டு.

கொரோனா காலத்தில் இது நின்றுபோயிருந்தது. கூடுதல் ஃபெடரல் நிதி வாங்கும் மாநிலங்கள் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்பு 2023 மார்ச் 31-உடன் முடிந்தது. அதற்கப்புறம் நடந்த மறுஆய்வில் 2.5 கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஏழு பேரை நீக்கியதற்குக் காரணம் நடைமுறைக் குறைகள்: படிவம் திரும்பி வரவில்லை, ஒரு ஆவணம் குறைகிறது, கடிதம் போன முகவரியில் ஆள் இல்லை. இவர்களில் எத்தனையோ பேருக்குத் தகுதி இருந்திருக்கும். யாரும் பார்க்கவே இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

தகுதி இருக்கிறவரை எப்படி நீக்கலாம்? அநியாயமாக இல்லையா?

அநியாயம்தான். ஆனால் அலுவலகத்தின் கணக்கு வேறு. கேட்ட காகிதம் குறித்த தேதிக்குள் வரவில்லை என்றால் "தகுதியை உறுதிசெய்ய முடியவில்லை" என்று முடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர் இருக்கிறாரா, டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறாரா என்பது அந்தக் கணக்கில் வராது.

பெரும்பாலும் சறுக்குகிற இடங்கள் இவைதான். வீடு மாறியிருப்பார்கள், பழைய முகவரிக்குக் கடிதம் போயிருக்கும். போன் நம்பர் மாறியிருக்கும். கணவன் மனைவி இருவர் வேலைக்குப் போகிற வீட்டில் ஒருவருடைய பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) மட்டும் போயிருக்கும். பன்னிரண்டு பக்கத்தையும் ஒழுங்காக நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட மறந்திருப்பார்கள். கையெழுத்து இல்லாத படிவம் வந்து சேராத படிவம் மாதிரிதான். உதவி செய்கிறவர்கள் உறையை ஒட்டும் முன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

தவறு அரசின் பக்கமும் இருக்கலாம். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிய தகவல் போதவில்லை என்றால், தகுதியுள்ள மற்றவர்களையும் சேர்த்து நீக்கும்படி பல மாநிலங்களின் கணினி முறை அமைந்திருந்தது 2023-இல் தெரியவந்தது. அதைத் திருத்தச் சொன்னபோது சுமார் 5 லட்சம் பேருக்குக் காப்பீடு திரும்பக் கிடைத்தது. அவர்களில் குழந்தைகள் நிறையப் பேர். ஆகவே "கம்ப்யூட்டரே தகுதி இல்லை என்று சொல்லிவிட்டது" என்று யாராவது வந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நான் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் புதுப்பித்தாகிவிட்டது என்று கடிதம் வந்திருக்கிறது. நம்பலாமா?

நம்பலாம். படிவம் அனுப்பும் முன்பு மாநிலம் தன்னிடம் உள்ள தகவலையும் சம்பளப் பதிவுகள், சோஷியல் செக்யூரிட்டி போன்றவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதிலேயே தகுதி உறுதியானால் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்கள். கடிதத்தில் இருக்கும் வருமானமும் வீட்டு ஆட்கள் எண்ணிக்கையும் சரியா என்று மட்டும் பாருங்கள். தவறாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கடிதமே வரவில்லையே?

முதலில், உங்கள் காப்பீட்டுக்கு உங்கள் மாநிலத்தில் என்ன பெயர் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், நியூ ஜெர்சியில் என்.ஜே. ஃபேமிலிகேர், வாஷிங்டனில் ஆப்பிள் ஹெல்த், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர். இந்தப் பெயரில் வந்த உறையை "இது மெடிக்கெய்ட் இல்லை, ஏதோ விளம்பரம்" என்று குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, முகவரி. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கார்டு பல நேரம் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் கார்டாக இருக்கும். மெடிக்கெய்டை நடத்தித்தர மாநிலம் அமர்த்திய நிறுவனம் அது. புது முகவரியை அவர்களிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரென்யூவல் படிவம் அனுப்புவது மாநில அலுவலகம் அல்லது கவுண்டி ஆபீஸ். அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். டாக்டர் ஆபீஸில் மாற்றுவதும் தபால் நிலையத்தில் மாற்றுவதும் இதற்கு ஈடாகாது.

மாநில இணையதளத்தில் கணக்குத் திறந்து வைத்திருந்தால் ரென்யூவல் தேதி பெரும்பாலும் அங்கேயே தெரியும். கணக்கு இல்லை என்றால் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: என் ரென்யூவல் எந்த மாதம்? என் கோப்பில் என்ன முகவரி இருக்கிறது?

உறை வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

தேதியில் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் எங்கேயோ "இந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்பவும்" என்று இருக்கும். அதைப் பேனாவால் வட்டமிட்டு, உறையின் மேலேயே பெரிதாக எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பதில் அனுப்பக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த 30 நாள் கடிதத்தின் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். உங்கள் கைக்கு வரும்போது அதில் ஒரு வாரம் போயிருக்கலாம்.

அப்புறம் படிவத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பாதி நிரப்பித்தான் வரும்: பெயர்கள், பிறந்த தேதி, அவர்களிடம் உள்ள வருமானத் தகவல். சரியாக இருப்பதை விட்டுவிட்டு, தவறாக இருப்பதை ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். இதற்கெல்லாம் வெள்ளை மை பூச வேண்டாம்.

கேட்டதை மட்டும் அனுப்புங்கள். நாலு வாரச் சம்பளச் சீட்டு கேட்டால் நாலு வாரம்தான். நல்லெண்ணத்தில் பாஸ்புக்கிலிருந்து கல்யாணச் சான்றிதழ்வரை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால் சரிபார்ப்பவருக்குப் புதுக் கேள்விகள் எழும். அனுப்பும் ஒவ்வொரு தாளின் மேலேயும் கேஸ் நம்பர் எழுதுங்கள். அலுவலகத்தில் ஸ்கேன் செய்யும்போது தாள்கள் பிரிந்துவிடும். நம்பர் இல்லாத பே ஸ்டப் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பார்கோடு உள்ள மேல்தாள் கொடுத்திருந்தால் அதை மறக்காமல் முதலில் வையுங்கள்.

அனுப்பியதற்குச் சாட்சி வேண்டும். இணையத்தில் ஏற்றினால் உறுதி எண் வரும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஃபேக்ஸ் என்றால் உறுதித் தாள். நேரில் கொடுத்தால் தேதி முத்திரை போட்ட நகல். தபால் என்றால் சான்றளித்த அஞ்சல். பிற்பாடு "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்லும்போது இந்த ஒரு தாள்தான் பேசும். அனுப்பிப் பத்து நாள் கழித்துப் போன் செய்து, கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடையில் கையில் காசு தருகிறார்கள். பே ஸ்டப் இல்லை. என்ன காட்டுவது?

முதலாளியிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: பெயர், எப்போதிலிருந்து வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, கையெழுத்து, போன் நம்பர். அவர் தர மறுத்தால் அதை அலுவலகத்தில் சொல்லி, வேறு எப்படி நிரூபிக்கலாம் என்று கேளுங்கள். நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட விளக்கத்தை ஏற்கும் மாநிலங்கள் உண்டு. வருமானத்தை மறைக்க மட்டும் வேண்டாம். பின்னால் தெரிந்தால் அது பெரிய வம்பு.

ஊபர், டோர்டாஷ் ஓட்டுபவர்கள் இதில் தங்களுக்கே பாதகம் செய்துகொள்கிறார்கள். நிறுவனம் தரும் வருடாந்திரத் தாளில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சொந்தத் தொழிலில் பார்க்கப்படுவது செலவு போக மிஞ்சுவதுதான். மைல் கணக்கு, போன் செலவு எல்லாம் கழிந்த தொகையை, கணக்கோடு காட்டுங்கள்.

பொதுவாக இன்னும் சில. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் அன்பளிப்பு என்றால் பெரும்பாலானவர்களின் கணக்கில் அது வருமானமாகாது. நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்கவும் முடியாது. சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே பிடிக்கப்படும் ஓய்வூதியச் சேமிப்பு, காப்பீட்டுப் பிரீமியம் இவை கழியும். விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கியிருக்கும் அம்மாவை வீட்டு ஆட்கள் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் வரித் தாக்கலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எவ்வளவு வருமானம்வரை தகுதி உண்டு?

40 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் மெடிக்கெய்டை விரிவாக்கியிருக்கின்றன. அங்கே 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கு வரம்பு ஃபெடரல் வறுமைக்கோட்டில் 138 சதவீதம். இப்படிச் சேர்ந்தவர்களைத்தான் விரிவாக்கப் பிரிவு என்பார்கள். 2025 கணக்கில் தனி ஆளுக்கு வருடம் 21,597 டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு 44,367 டாலர். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஏறும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டென்னசி உள்ளிட்ட 10 மாநிலங்கள் முழுதாக விரிவாக்கவில்லை. டெக்சாஸில் பெற்றோருக்கான வரம்பு மிகவும் தாழ்வு.

பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. இது நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் இத்தனை தடவை வருகிறது?

நம் பெயர் முறை இந்த நாட்டுப் படிவத்துக்குள் அடங்குவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அது கிரீன் கார்டுக்கும் போகும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள். சம்பளச் சீட்டில் இன்ஷியல் முன்னால் இருக்கும். வங்கியில் இன்னொரு எழுத்துக் கோவை. ஒரே ஆள், நாலு பெயர். கணினி ஒப்பிடும்போது நாலு ஆளாகத்தான் அதற்குத் தெரியும். தானாகப் புதுப்பித்திருக்க வேண்டிய கேஸ்கூட இதனால் படிவத்துக்கு வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் வேறு மாதிரி இருந்தால் "இவை எல்லாம் ஒரே நபர்" என்று இரண்டு வரிக் கடிதம் எழுதி, எல்லாப் பெயர்களையும் பிறந்த தேதியையும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டு இணையுங்கள். முடிந்தபோது சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பெயரைக் குடியேற்ற ஆவணத்தோடு ஒத்துப்போகும்படி சரிசெய்துவிடுங்கள். அடுத்த வருஷம் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும்.

எனக்கு வருமானம் கூடிவிட்டது, எப்படியும் கிடைக்காது. அதனால் படிவத்தை அனுப்பவில்லை. சரிதானே?

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சரியில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பிள்ளைகளுக்கான வருமான வரம்பு பெற்றோருக்கானதைவிட நன்றாகவே அதிகம். பல மாநிலங்களில் வறுமைக்கோட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் போகும். உங்களுக்குத் தகுதி போனாலும் பிள்ளைக்கு மெடிக்கெய்டோ சிப்போ தொடரலாம். படிவத்தை அனுப்பாவிட்டால் பிள்ளையின் காப்பீடும் சேர்ந்து போய்விடும். ஆஸ்துமா பம்பு வாங்கப் போன இடத்தில்தான் அது தெரியவரும்.

இன்னொன்று. 2024 ஜனவரியிலிருந்து 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒருமுறை தகுதி உறுதியானால் 12 மாதம் தொடர்ந்து காப்பீடு இருக்க வேண்டும், நடுவில் அப்பாவின் சம்பளம் கூடினாலும். பிரசவமான அம்மாக்களுக்கு ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பிரசவத்துக்குப் பின் 12 மாதம் தருகின்றன. குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் காப்பீட்டை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால் உடனே கேளுங்கள்.

அம்மா அப்பாவுக்குக் கிரீன் கார்டு. அவர்களுக்கு?

பொதுவாகக் கிரீன் கார்டு கிடைத்து 5 வருஷம் ஆன பிறகுதான் முழு மெடிக்கெய்ட். இது 1996 சட்டத்தின் விதி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பல மாநிலங்கள் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தியிருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் சொந்தப் பணத்தில் இன்னும் பலரைச் சேர்த்திருக்கின்றன.

ஏற்கெனவே காப்பீடு உள்ள பெரியவர்களுக்கு ரென்யூவலில் சொத்துக் கேள்வி வரும். வங்கிக் கணக்கில் பேரன் பெயரும் சேர்ந்திருந்தால், பிள்ளை கணக்கில் அம்மா பெயர் சேர்ந்திருந்தால், அந்தப் பணம் முழுவதும் அம்மாவுடையதாக எண்ணப்படக்கூடும். யாருடைய பணம் என்று காட்டும் தாளைத் தயாராக வையுங்கள். கலிஃபோர்னியாவில் 2024-இல் எடுத்துவிட்ட சொத்துக் கணக்கு 2026 ஜனவரியிலிருந்து திரும்ப வந்திருக்கிறது. தனி ஆளுக்கு வரம்பு 1,30,000 டாலர். இரண்டு வருஷம் யாரும் கேட்காததால் மறந்துபோன கேள்வி இது.

ஆங்கிலம் சரளமாக வராது. போன் செய்யவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, இலவசம். போன் எடுத்ததும் "டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தமிழ் பேசுபவரை லைனில் இணைக்கச் சில நிமிடம் ஆகும். தெலுங்கோ ஹிந்தியோ பேசுகிறவர் வந்தால் "டமில்" என்று மறுபடி சொல்லுங்கள், ஏதோ சமாளிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். தகுதிக் கேள்விகளில் ஒரு வார்த்தை மாறினாலும் பாதிப்பு உங்களுக்குத்தான்.

பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அப்பாவின் வருமானமும் அம்மாவின் நோயும் அந்தப் பிள்ளை சுமக்க வேண்டிய விஷயங்கள் இல்லை.

காப்பீடு நின்றுவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். நிறுத்துவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே, காரணத்தோடு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸை எடுங்கள்.

படிவமோ ஆவணமோ வரவில்லை என்பது காரணமென்றால், நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அதைக் கொடுத்தால் போதும். புதிதாக விண்ணப்பிக்காமலே தகுதியைப் பார்க்க வேண்டும். இதைச் சில அலுவலர்களே மறந்துவிட்டு "புதுசா அப்ளை பண்ணுங்க" என்பார்கள். "நான் இன்னும் 90 நாளுக்குள்தான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இடையில் வந்த ஆஸ்பத்திரி பில்களை வீசிவிடாதீர்கள். பல மாநிலங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதம்வரை உள்ள செலவுக்கும் காப்பீடு கேட்கலாம். 2027 ஜனவரியிலிருந்து அது விரிவாக்கப் பிரிவிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு மாதமாகவும் மற்றவர்களுக்கு இரண்டு மாதமாகவும் குறைகிறது.

முடிவே தவறு என்று தோன்றினால் ஃபேர் ஹியரிங் கேளுங்கள். நீதிமன்றம் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் போனிலேயே நடக்கும் விசாரணை. இங்கே தேதிதான் உயிர். காப்பீடு நிற்கும் தேதிக்கு முன்பே கேட்டுவிட்டால் முடிவு வரும்வரை காப்பீடு தொடரும். கடைசியில் தோற்றால் அந்த இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அந்தத் தேதி தாண்டினாலும் ஹியரிங் கேட்கலாம். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், 90 நாளுக்கு மேல் போகாது. அந்தப் பகுதி இலவச சட்ட உதவி மையத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தனியாகப் போராட வேண்டாம்.

நிஜமாகவே வருமானம் கூடிவிட்டது. அப்புறம்?

வேலை இடத்தில் காப்பீடு இருந்தால், மெடிக்கெய்ட் போன 60 நாளுக்குள் அதில் சேரலாம். வருடாந்திரச் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டாம். அது இல்லையென்றால் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசு இணையதளத்தில் அல்லது உங்கள் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையில் சிறப்புச் சேர்க்கைக் காலம் கிடைக்கும். இதிலும் 60 நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

மெடிக்கெய்ட் வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காது என்கிறார்களே?

இந்தப் பயத்தால் தகுதியுள்ள குழந்தைகளின் காப்பீட்டைக்கூடச் சிலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். கிரீன் கார்டு கேட்பவர் அரசு உதவியையே நம்பி வாழ்வாரா என்று பார்ப்பதைப் பப்ளிக் சார்ஜ் என்பார்கள். 2022-இல் வந்த பப்ளிக் சார்ஜ் விதிப்படி, அரசு செலவில் நீண்டகாலம் நர்சிங் ஹோம் போன்ற இடத்தில் தங்குவதைத் தவிர, மெடிக்கெய்ட் கணக்கில் எடுக்கப்படாது. பிள்ளை வாங்கும் காப்பீடு பெற்றோரின் கணக்கில் ஏறாது. இந்த விதியை நீக்க 2025 நவம்பரில் அரசு ஒரு முன்மொழிவு வெளியிட்டது. மெடிக்கெய்ட் பயனாளர் விவரங்களைக் குடியேற்றத் துறைக்குக் கொடுத்தது பற்றி 2025-இல் பல மாநிலங்கள் வழக்கும் போட்டன. ஆகவே பயம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். வாட்ஸாப் குரூப்பில் யாரோ சொன்னதை வைத்துக் காப்பீட்டை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். விடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உங்கள் குடும்ப நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

புதுச் சட்டத்தால் என்ன மாறுகிறது?

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் பலவற்றை மாற்றுகிறது. நம் ஆட்களைத் தொடும் மூன்றைச் சொல்கிறேன்.

விரிவாக்கப் பிரிவில் உள்ள பெரியவர்களுக்கு 2026 டிசம்பர் 31 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரென்யூவல். இதுவரை சொன்ன அத்தனை வேலையும் அவர்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவை.

அதே பிரிவில் 19 முதல் 64 வயதுவரை உள்ளவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூக சேவை செய்வதைக் காட்ட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 2027 ஜனவரி 1-க்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும். 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையை வளர்ப்பவர், கர்ப்பிணி, கடும் நோயுள்ளவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. என் கவலை விலக்கு உள்ளவர்களைப் பற்றித்தான். விலக்கு இருப்பதையும் பல நேரம் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆர்கன்சாவில் 2018-இல் இப்படி ஒரு விதி வந்து, சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீடு இழந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தும் பதிவு செய்யத் தெரியாமல் இழந்தவர்கள் அவர்களில் உண்டு. இப்போதிலிருந்தே பே ஸ்டப்புகளையும் டாக்டர் கடிதங்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, 2026 அக்டோபர் 1 முதல் அகதிகள், புகலிடம் பெற்றவர்கள் பெரும்பாலோருக்கு ஃபெடரல் நிதியில் மெடிக்கெய்ட் இல்லை. கிரீன் கார்டு இருக்க வேண்டும். இலங்கையிலிருந்து வந்து புகலிடம் பெற்ற குடும்பங்களுக்கு இது நேரடி அடி. புகலிடம் கிடைத்து ஒரு வருடம் ஆகியும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு ஆபத்து. குடியேற்ற ஆவணமில்லாத, 19 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களை 2026 ஜனவரியிலிருந்து முழு மெடி-காலில் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் தொடரலாம். அவர்கள் ரென்யூவலைத் தவறவிட்டு, அதற்குப் பின் தரும் 90 நாளையும் தவறவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே போய்க் கேளுங்கள்.

நான் உதவ நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அவர் சார்பாக நீங்கள் அலுவலகத்தில் பேச, அதிகாரம் பெற்ற பிரதிநிதி என்ற படிவத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் போனில் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். அவசரமென்றால் அவரையும் லைனில் வைத்துக்கொண்டு மூவராகப் பேசலாம்.

சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பே ஸ்டப் போட்டோக்களை வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் போனில் உள்ளதை அவர் எதிரிலேயே அழியுங்கள். சம்பளம் எவ்வளவு, என்ன நோய் என்று தெரிந்துகொண்டதை உங்கள் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. ஒருமுறை வெளியே போனால் அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் யாரிடமும் வராது.

தகுதி உண்டு, இல்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரிந்து கிடைக்காது" என்று நல்ல மனதோடு ஒருவர் சொன்ன வார்த்தையால் விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. சிக்கலாக இருந்தால் காப்பீட்டில் சேர உதவப் பயிற்சி பெற்ற நேவிகேட்டரிடமோ சமூக சுகாதார மையத்தில் இருக்கும் சேர்க்கை உதவியாளரிடமோ அழைத்துப் போங்கள்.

இதற்குக் கட்டணம் உண்டா?

ரென்யூவலுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "பணம் கட்டினால்தான் ரென்யூவல் நடக்கும்" என்று குறுஞ்செய்தியோ போனோ வந்தால் மோசடி.

மாத்திரை நாளையோடு தீருகிறது, காப்பீடு நின்றுவிட்டது. இன்றைக்கு என்ன செய்வது?

மருந்துக் கடையில் வெறும் கையோடு திரும்பாதீர்கள். மருந்தாளரிடம் நிலைமையைச் சொல்லிச் சில நாளுக்கான அவசர அளவு தர முடியுமா என்று கேளுங்கள். பல மாநிலங்களில் அதற்கு வழியுண்டு. டாக்டர் ஆபீஸில் சொன்னால் மாதிரி மருந்தோ விலை குறைந்த மாற்றோ தரக்கூடும். ஃபெடரல் நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள் காப்பீடு இல்லாதவர்களையும் பார்க்கும், வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கும். பலவற்றில் மருந்தும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆஸ்பத்திரி போக நேர்ந்தால் லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகளிடம் நிதி உதவித் திட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கே கவுண்டி ஆபீஸுக்கும் போன் செய்து, உயிர்காக்கும் மருந்து நின்றுவிட்டது, கேஸை அவசரமாகப் பாருங்கள் என்று கேளுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் நேரில் போங்கள். போகும்போது நோட்டீஸ், கையெழுத்திட்ட படிவம், சம்பளச் சீட்டு, காலியான மருந்துக் குப்பி நாலையும் எடுத்துப் போங்கள். குப்பியில் மருந்தின் பெயரும் கடைசியாக வாங்கிய தேதியும் அச்சாகியிருக்கும்.